கிளப் வாசலில் ஒரு செட்காரர்

போன இதழில் ஒரு வாசகரின் அம்ப்ளிபயர் ஏன் சூடாகிறது என்று எழுதிக்கொண்டு வந்தபோது, பேச்சோடு பேச்சாக, "பேர்லினில் ஒரு நிலவறைக் கிளப்பில் விடிய விடிய நின்றேன், அங்கே அம்ப்ளிபயர் சுடவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. அம்ப்ளிபயர் சரியாகிவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே இந்த இதழில் கிளப் மட்டும். எரிந்த ஸ்பீக்கர் காயிலும் ஊதிப்போன கப்பாசிட்டரும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

என் மகன் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமை இரவானால் 'அண்டர்கிரவுண்ட் பார்ட்டி' என்று போகிறான், ஞாயிறு மத்தியானம் வரை தூங்குகிறான். நிலத்துக்குக் கீழேயா போகிறான்? அங்கே என்னதான் நடக்கிறது? பயமாக இருக்கிறது.
ஒரு தாய், தலவாக்கலை

அம்மா, முதலில் ஒரு மூச்சு விடுங்கள். கொழும்பில் 'அண்டர்கிரவுண்ட்' என்றால் பெரும்பாலும் ஏதாவது கட்டடத்தின் மேல்மாடியாகத்தான் இருக்கும். ரேடியோவில் போடாத இசை, போஸ்டர் ஒட்டாத கூட்டம், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவது, அதற்குத்தான் அந்தப் பெயர். சினிமாப் பாட்டு கிடையாது, பைலா கிடையாது. ஒருவர் இரண்டு மூன்று மணித்தியாலம் நிறுத்தாமல் மெஷின் இசையை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போவார். வந்தவர்கள் ஆடுவார்கள்.

நான் போனது மட்டும் நிஜமாகவே நிலத்துக்குக் கீழே. அதைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் மகனுக்கு வருகிறேன்.

அக்கா மகனின் கல்யாணத்துக்காக ஜேர்மனி போயிருந்தேன். அக்கா குடும்பம் 83 கலவரத்துக்குப் பிறகு பதுளையை விட்டு வவுனியா போய், அங்கிருந்து எப்படியோ பேர்லின் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை காலை, பிரிட்ஸ் என்ற பகுதியில் இருக்கும் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். நான் சாமியைப் பார்த்ததைவிட ஸ்பீக்கரைப் பார்த்ததுதான் அதிகம். மருமகள், அதாவது அக்காவின் இளைய மகள், அதைக் கவனித்துவிட்டாள். "மாமா, ஒங்களுக்கு ஸ்பீக்கர்தானே பாக்கணும்? ராத்திரி நான் கூட்டிட்டுப் போறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

இரவு பன்னிரண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். நம் ஊரில் அது ஒலிபெருக்கி செட்டைக் கழற்றி, வயரைச் சுற்றி, லொறியில் ஏற்றிவிட்டு பிளேன்டீ குடிக்கிற நேரம். அங்கே அப்போதுதான் பெண்பிள்ளைகள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். பேர்லினில் இத்தனை மணிக்குக் கடையை மூடு என்ற கட்டாயம் இல்லை. நகரம் நான்கு நாட்டுப் படைகளின் கையில் பிரிந்து கிடந்த 1949இல், ஒரு ஹோட்டல்காரர் விஸ்கிப் போத்தலும் கையுமாக அமெரிக்கத் தளபதியைப் போய்ப் பார்த்து, மேற்குப் பேர்லினில் அந்தச் சட்டத்தை எடுக்க வைத்தாராம். மருமகள் ரயிலில் சொன்னாள்.

முதலில் போன இடத்தில் எங்களை விடவில்லை. ஒரு மணித்தியாலம் குளிரில் வரிசையில் நின்றோம். பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று, விசா நேர்முகத்துக்காக ஹட்டனில் தைத்த கோட்டைப் போட்டிருந்தேன். வாசலில் நின்றவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருதரம் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். முடிந்தது. "ஏன்?" என்று கேட்டேன். "இங்க காரணம் சொல்ல மாட்டாங்க மாமா" என்று மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்சத் தூரம் போனதும் கோட்டைக் கழற்றச் சொல்லித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். நுவரெலியாவில் வாங்கிய பழைய ஸ்வெட்டரோடு மிச்சத் தூரம் நடந்தேன்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, அம்மா. 'கிளப்' என்ற சொல் மலைநாட்டில் நமக்கு எப்படி வந்தது? தொரைமார் கிளப். எனக்குப் பதினாலு வயதில், சித்தப்பாவோடு அப்படி ஒரு கிளப்புக்கு கிறிஸ்மஸ் டான்சுக்குச் செட் போடப் போனேன். பெட்டிகளைக் குசினிப் பக்கத்துக் கதவால் கொண்டுபோகச் சொன்னார்கள். நாங்கள் சுழல விட்ட இசைத்தட்டுக்குத்தான் உள்ளே இரவெல்லாம் ஆடினார்கள். நாங்கள் பின் வராந்தாவில், அம்ப்ளிபயரின் சூட்டுக்குப் பக்கத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு. அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் நிழல்தான் தெரிந்தது. இந்த ஐம்பத்தெட்டு வயதில்தான் ஒரு கிளப்புக்குள் முன்வாசலால் போனேன்.

அந்த முன்வாசல் டிரேசோருடையது. ஹைன்ரிச் ஹைனே வீதி என்ற நிலத்தடி நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம். பழைய மின் நிலையம் ஒன்றின் அடிப்பகுதி. காசு வாங்கி, கையில் முத்திரை குத்தி, போன் கமெராவின் மேல் ஒரு சின்ன ஒட்டுத்தாளை ஒட்டி அனுப்பினார்கள். படம் எடுக்கக் கூடாது. இது எனக்கு மிகவும் பிடித்தது. நம் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையையே போனுக்குள்ளால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிரேசோர் என்றால் ஜேர்மன் மொழியில் பெட்டக அறை. 1989 நவம்பரில் பேர்லின் சுவர் விழுந்ததும், கிழக்குப் பக்கத்தில் கேட்பாரில்லாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. லைப்சிகர் வீதியில், ஒரு காலத்தில் பெரும்பேர் பெற்ற வெர்ட்ஹைம் கடையின் கட்டடம் போய்விட்டிருந்தது, மண்ணுக்கடியில் அதன் பெட்டக அறை மட்டும் தப்பியிருந்தது. டிமித்ரி ஹெகெமன் என்பவரும் கூட்டாளிகளும் அதைக் கண்டுபிடித்து 1991 மார்ச்சில் கிளப்பைத் தொடங்கினார்கள். 2005இல் அந்த இடத்தை விட வேண்டி வந்தது. 2007இல் இந்த மின் நிலையத்துக்குக் குடிவந்தபோது, துருப்பிடித்த பெட்டகங்களையும் கம்பிகளையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். பணக்காரர்கள் நகை வைத்த பெட்டிகள். தடவிப் பார்த்தேன், கையெல்லாம் துரு.

உள்ளே போக நீளமான ஒரு சுரங்கப்பாதை. புகை. ஒளி என்று சொல்ல ஒரு மினுக்கம். பாதி வழியிலேயே, காதுக்குத் தெளிவாகக் கேட்பதற்கு முன்னால், நெஞ்செலும்பு அதிர ஆரம்பித்தது. இசையை நடத்துகிறவர் சிறைக்கம்பி மாதிரிக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றார். மேடை இல்லை. பாடகரைப் பார்த்துக் கையாட்டுகிற வேலை இல்லை. எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு ஆடினார்கள்! நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்பீக்கர் தூக்கித் திரிந்தவன் நான். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, கெட்டுப்போனால்தான் பார்ப்பார்கள். ஒரு கூட்டம் முழுக்க அதன் முகத்தைப் பார்த்து நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

முதல் ஒரு மணித்தியாலம் சுவரோரம் நின்று, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். மூன்றரை மணியிருக்கும். இசையை நடத்துகிறவர் பேஸை, அதாவது அடித்தொனியை, முழுசாக வெட்டினார். கொலுசு குலுங்குகிற மாதிரி ஒரு சிணுங்கல் மட்டும் மிச்சம். ஒருவரும் நிற்கவில்லை, இல்லாத அடிக்கே காலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிருக்கும். பிறகு பேஸைத் திருப்பி விட்டார். இடுப்புவலிக்கு பெல்ட் கட்டிய மனுஷன் நான், "ஓய்!" என்று கத்திவிட்டேன். மருமகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு சுவரோரம் போகவில்லை. ஆடினேன் என்று சொல்ல முடியாது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறுகிறவர் மாதிரி ஒரு அசைவு. என்னைவிட வயதான, நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் அதே மாதிரித்தான் அசைந்துகொண்டிருந்தார். தன் காதைத் தொட்டுக் காட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு சோடி காதடைப்பானை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்தபோது நல்ல வெயில்.

இப்போது உங்கள் மகன். ஏன் போகிறாய் என்று கேட்காதீர்கள், பொய்தான் வரும். எங்கே, யாரோடு, எப்படித் திரும்பி வருவாய் என்று கேளுங்கள். இந்தக் கூட்டங்களில் போதைப்பொருள் இல்லவே இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இருக்கிறது. தோட்டத்துச் சந்தியிலும் இருக்கிறது. அதை நேராகப் பேசுங்கள். ஞாயிறு மத்தியானம் வரை தூங்குவதை விட்டுவிடுங்கள். நான் மூன்று மணிக்குத்தான் எழும்பினேன். விமானக் களைப்பு என்று அக்காவிடம் சொன்னேன். "வந்து பத்து நாளாச்சேடா" என்றாள்.

ஹவுஸ், டெக்னோ, ட்ரான்ஸ் என்கிறார்கள். எனக்கு எல்லாம் 'டுப் டுப்' என்றுதான் கேட்கிறது. என்ன வித்தியாசம்?
உயர்தர மாணவன், பொகவந்தலாவை

தம்பி, உன் காதில் பிழையில்லை. எண்ணும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடி, அதுதான் மூன்றுக்கும் அடித்தளம். ஹவுஸ் நிமிஷத்துக்கு 120 முதல் 130 அடி வரை போகும், பாட்டுக் குரலும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். டெக்னோ இன்னும் வேகமாகவும் வறண்டும் போகும், இரும்புப் பட்டறை மாதிரி. ட்ரான்ஸ் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. மருமகளுக்கு இருக்கிறது, அச்சில் போட முடியாது.

எண்ணிக்கையைவிட ஊரைத் தெரிந்துகொள். சிக்காகோவில் 1977இல் 'வெயார்ஹவுஸ்' என்று ஒரு கிளப் திறந்தார்கள். பிரான்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுப் போட்டார். வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் இனத்தவர்கள், ஆண்களை விரும்பும் ஆண்கள். வேறு வாசல்களில் மறிக்கப்பட்டவர்கள். அந்தக் கிளப்பின் பெயரைப் பாதியாக வெட்டியதுதான் 'ஹவுஸ்'. டெக்னோ, கார்த் தொழிற்சாலைகளின் ஊரான டெட்ரொயிட்டுடையது. பக்கத்து பெல்வில் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று கறுப்பினப் பையன்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன், 1980களில் இதை உருவாக்கினார்கள். இரவு ரேடியோவில் மோஜோ என்ற அறிவிப்பாளர், ஜேர்மனியின் கிராப்ட்வேர்க் குழுவையும் அமெரிக்க ஃபங்க் (funk) இசையையும் ஒன்றாகக் கலந்து போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இலங்கை வானொலியைப் போர்வைக்குள் வைத்துக் கேட்ட உன் தாத்தாவிடம் சொல்லு, அவருக்கு உடனே விளங்கும்.

எனக்குப் பிடித்த கதை மெஷின் கதை. கிட்டார்க்காரர் தனியாகப் பழகும்போது கூட பேஸ் வாசிக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கட்டும் என்று, ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981இல் டி.பி. 303 என்று ஒன்றைச் செய்தது. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவேயில்லை. வியாபாரம் படுத்து, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்ததைச் சிக்காகோப் பையன்கள் வாங்கி, செய்தவர் நினைத்தே பார்க்காத மாதிரித் திருகு குமிழ்களை முறுக்கினார்கள். பூனை அழுகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. அதையே 'அசிட் ஹவுஸ்' என்று உலகம் ஆடியது. இன்றைக்கு அந்தப் பழைய பெட்டியின் விலைக்கு ஹட்டனில் ஒரு முச்சக்கர வண்டி பேசலாம். என் கடையில் மூலையில் கிடக்கிற பெட்டிகளைக் குப்பை என்று வீட்டுக்காரி சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

காமன் கூத்தில் விடிய விடியத் தப்படித்து ஆடுகிறோமே, அதைத்தானே வெள்ளைக்காரன் மெஷினில் செய்கிறான்? நம்மிடம் இல்லாததா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், நுவரெலியா

சேர், முதலில் வெள்ளைக்காரன் இல்லை. மேலே தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

அந்த நிலவறையில் நின்றபோது எனக்கும் தப்பு ஞாபகம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்க வித்தியாசம்தான் கூடுகிறது. மாசிப் பனியில் தோல் தளர்ந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சி எடுத்த தப்பின் முதல் அடிக்கு ஒரு தனிக் குரல் உண்டு, அது போகப் போக இறங்கும். மதன் எரிகிற கட்டம் நெருங்கும்போது, அடிக்கிறவர் ஆடுகிறவனின் காலைப் பார்த்து வேகத்தை ஏற்றுவார். மெஷினுக்குப் பனியும் இல்லை, காலும் தெரியாது. காலைப் பார்க்கிற வேலையைக் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மனுஷன்தான் செய்கிறார்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று. அங்கே தாளத்தை வைத்திருப்பவருக்குத்தான் அதிக மரியாதை, அதிகக் காசு. அவரை முன்வாசலால் கூட்டிப்போகிறார்கள். தோட்டத்தில் தப்படிக்கிறவரை எங்கே நிற்க வைத்தோம்? கோயில் திருவிழாவுக்கும் அவர் வேண்டும், சாவு வீட்டுக்கும் அவர் வேண்டும், சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் இடம் கடைசியில். எனக்குத் தெரிந்த ஒரு தப்புக்காரர் தன் மகன் குச்சியைத் தொட்டால் அடிப்பார். "இதோட என்னோட போகட்டும்" என்பார். இப்போது கொழும்பு மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி 'பாரம்பரியம்' என்கிறோம். பேர்லினின் டெக்னோவை ஜேர்மனி 2024 மார்ச்சில் தன் நாட்டு யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. முப்பத்துச் சொச்சம் வருஷத்துச் சரக்கு, சேர். நம்முடைய கூத்து எத்தனை தலைமுறை? "நம்மிடம் இல்லாததா" என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தப்புக்காரரின் மகன் இப்போது தெமட்டகொடையில் ஹார்ட்வெயார்க் கடையில் நிற்கிறான்.

பெண்பிள்ளைகள் போகக்கூடிய இடமா?
பல்கலைக்கழக மாணவி, பண்டாரவளை

மகள், இதை நான் மருமகளிடமே கேட்டேன். "பஸ்ல போறதவிடப் பரவாயில்ல மாமா" என்றாள். நான் பார்த்த அளவில் அங்கே ஒருத்தி தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் ஆடினாள், பக்கத்தில் யாரும் நெருங்கவில்லை. தொந்தரவு என்றால் போய்ச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், சொன்னால் தொந்தரவு செய்தவனைத்தான் வெளியே தள்ளுவார்கள், சொன்னவளை இல்லை.

கொழும்பிலும் எல்லவிலும் நடப்பவை பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது, போனதில்லை. போவதென்றால் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பு. உன் கிளாஸை வைத்துவிட்டு நகராதே, நகர்ந்தால் அதைத் திரும்பத் தொடாதே. வாகனத்தை முன்னாடியே பேசி வை. கோச்சியை நம்பாதே.

அங்கே என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்? மறைக்காமல் சொல்லவும்.
ஹப்புத்தளை

உள்ளே சாப்பாடு இல்லை. காலை ஏழு மணிக்கு ஒரு துருக்கிக்காரர் கடையில் ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தந்தார்கள். கட்டச்சம்பல் இல்லாத குறை ஒன்றுதான்.

குடித்தது 'கிளப் மாட்டே'. பியர் போத்தல் மாதிரி அரை லீற்றர் போத்தல், ஆனால் சாராயம் இல்லை. தென் அமெரிக்காவில் மாட்டே என்று ஒரு இலை, நம் தேயிலை மாதிரி அதிலும் கஃபீன் இருக்கிறது. அதன் சாற்றைச் சீனி போட்டுக் குளிரவைத்து, வாயு ஏற்றி விற்கிறார்கள். விடியும் வரை விழித்திருக்க அதுதான் பலருக்கு மருந்து. நேற்றைய பிளேன்டீயில் சோடா ஊற்றின ருசி. தேயிலை மலையில் பிறந்தவன் காசு கொடுத்து அடுத்தவன் இலையைக் குடித்தேன், இரண்டு போத்தல். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சக் காசு திரும்ப வரும்.

அண்ணே, தொழில்காரனாகக் கேட்கிறேன். அவனுடைய செட் எப்படி? நம்ம செட்டைவிட எத்தனை மடங்கு சத்தம்?
சவுண்ட் சர்விஸ் நடத்துபவர், மஸ்கெலியா

தம்பி, உன்னிடம் ஒரு கேள்வி. உன் காது எப்படி இருக்கிறது? என் இடது காதில் பன்னிரண்டு வருஷமாக ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது. லொறியில் ஊர்வலம் போகும்போது ஹோன் எப்போதும் என் இடப்பக்கம்தான்.

சத்தம் நம்முடையதுதான் கூட என்று சொன்னால் நம்புவாயா? குறைந்தபட்சம் காதுக்கு நம்முடையது கூட. அவர்கள் பலத்தையெல்லாம் அடித்தளத்தில் வைத்திருக்கிறார்கள். 50 ஹேர்ட்ஸ் பேஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட ஏழு மீற்றர். அதைத் தள்ள பெரிய பெட்டி வேண்டும், நிறையக் காற்று அசைய வேண்டும். அது உடம்புக்குள் போகும், காதைக் குத்தாது. நம் புனல் ஸ்பீக்கருக்கு அந்தச் சரக்கே கிடையாது. 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. பாட்டில் கனம் இல்லையே என்று நாம் என்ன செய்கிறோம்? வொலியூமைத் திருகுகிறோம். கூடுவதெல்லாம் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. மனுஷக் காதுக்கு எது அதிகம் கேட்குமோ அந்த இடத்தில் ஊசி ஏற்றுகிறோம். போதாததற்குத் தோட்டத்துக் கடைசிக் கம்பத்தில் 180 வோல்ட். அம்ப்ளிபயர் மூச்சுத் திணறி அலையின் தலையை வெட்டும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு, அந்தக் கரகரப்புத்தான் காயிலையும் எரிக்கிறது. அவர்கள் அம்ப்ளிபயரைப் பாதி பலத்தில் ஓட்டுகிறார்கள். சுடாததன் ரகசியம் அதுதான். நான் கையை வைத்துப் பார்க்கப் போய்க் காவலாளி முறைத்தார்.

அதற்காக அங்கே ஆபத்தில்லை என்றில்லை. கணக்கை மனப்பாடம் செய்துகொள்: 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் நிற்கலாம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88இல் நாலு மணி, 91இல் இரண்டு, அப்படியே போய் 100இல் கால் மணித்தியாலம். கிளப்புகளுக்கும் மண்டபங்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்சமும் 100தான், 15 நிமிஷ சராசரியாக. அந்த நரைத்த மனுஷன் ஏன் காதடைப்பானைத் தந்தார் என்று விளங்குகிறதா? இப்போது என் கடையில் வேலை செய்கிற பையன்களுக்கு அது கட்டாயம். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நம் காலத்தில் திருவிழாவுக்குச் செட் போட்டால், ஒரு புனலாவது பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து இருக்கும். அவனுக்குக் கேட்க வேண்டும், அவன் செட்டைவிட நம்முடையது பெரிது என்று தெரிய வேண்டும். பிள்ளையார் பாட்டு எதிர்மலையில் மோதி மூன்று செக்கன் கழித்துத் திரும்பி வரும், நாங்கள் கைதட்டுவோம். அந்த எதிர்மலைத் தொழிலாளர் லயத்தில் பச்சைப்பிள்ளை இருந்ததா, சாகக் கிடந்த கிழவி இருந்தாளா, யார் பார்த்தது? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது, பிழைப்பு போச்சே என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) மூடிப் பல வருஷம். பேர்லினில் மின் நிலையத்தில் செய்தால் நாங்கள் ஸ்டோரில் செய்யலாம்தானே? செட் நீங்கள் போடுவீர்களா?
ஐந்து நண்பர்கள், டிக்கோயா

ஆசை எனக்கும் இருக்கிறது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஸ்டோரை 1990களில் ஹோட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்கள் கொழுந்து வாட்டிய மாடியில் தூங்குகிறார்கள். நீங்கள் ஆடக்கூடாது என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஆனால் வாட்டும் மாடியில் வேண்டாம். அந்தப் பலகைத் தரை, வாடப் போட்ட கொழுந்தைத் தாங்கப் போட்டது. நூறு பேர் நிமிஷத்துக்கு 128 தடவை ஒரே நேரத்தில் குதித்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே ரோலர் நின்ற கொங்கிரீட் தரையில் செய்யுங்கள். வௌவாலுக்கு முதலில் தீர்வு பாருங்கள், கரண்டுக்கு ஜெனரேட்டர் பேசுங்கள்.

அடுத்தது லயம். ஸ்டோரிலிருந்து எத்தனை யார்? நீங்கள் எழுதவில்லை. புனலையாவது திருப்பி வைக்கலாம். 50 ஹேர்ட்ஸுக்குத் திசை கிடையாது, சுவரும் கிடையாது. தகரக் கூரையை விடிய விடிய நடுங்க வைக்கும். அந்தக் கூரைக்குக் கீழே ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, பிள்ளையை அனுப்பிவிட்டு, மலைக்குப் போக வேண்டிய அம்மா படுத்திருக்கிறாள். ஆகவே பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு நிறுத்துங்கள். உங்களுக்கு இது கிளப் மாதிரித் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஜன்னலை அடைத்தால் உள்ளே எப்போதும் இரவுதான். நிர்வாகத்தின் கடிதமும் பொலிஸ் அனுமதியும் கையில் இல்லாமல் நான் லொறியை எடுக்க மாட்டேன். லயத்துச் சுவரோரம் மீற்றர் வைத்துப் பார்ப்பேன், கூடினால் நானே குறைப்பேன், யாரும் அம்ப்ளிபயருக்குக் கிட்ட வரக்கூடாது.

வாசலில் ஒருவரையும் நிறுத்தி ஆளைப் பார்க்காதீர்கள். லயத்துக்காரர் வந்தால் உள்ளே விடுங்கள், சாரத்தோடு வந்தாலும். முதல் அரை மணித்தியாலத்தை உங்கள் தோட்டத்துத் தப்பு செட்டுக்குக் கொடுங்கள். கொழும்பிலிருந்து கூப்பிடுகிற டி.ஜே.க்கு என்ன காசோ, அதே காசு. பேரம் பேசினால் நான் வரவில்லை.

ஸ்டோர்ச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். நான் ஒருதரம் வந்து தரையையும் லயத்துத் தூரத்தையும் அளந்து பார்க்கிறேன். இந்த ஞாயிறு வேண்டாம், மஸ்கெலியாவில் கல்யாண வீடு.